ஏர்பிரஷ் உருவப்படம்: கருமேனி நீலம் பாரிக்காமல் வரைவது எப்படி?

காற்றழுத்தத்தால் வண்ணத்தைத் தூவும் ஏர்பிரஷ் கொண்டு வரையப்படும் முகங்களில், அதிலும் மாநிறமும் கருநிறமும் கொண்ட முகங்களில், திரும்பத் திரும்பக் கண்ணில் படும் குறை ஒன்று உண்டு. நெற்றி மேட்டிலும் மூக்கு நுனியிலும் கன்ன எலும்பின் மேலும் ஓவியர் ஏற்றிய வெளிச்சம், தோலோடு ஒட்டாமல் வெளிறி, நீலம் பாரித்து நிற்கும். கோப்பையில் ஊற்றியபோது இதமான இளம்பழுப்பாக இருந்த வண்ணம், கருத்த கன்னத்தில் படிந்த அடுத்த கணமே வேறு நிறமாகிவிடுகிறது. அதை மறைக்க மேலும் கொஞ்சம் வெள்ளை, அதன் மேல் கொஞ்சம் பழுப்பு, மறுபடியும் வெள்ளை என்று அடுக்கிக்கொண்டே போகும்போது முகத்தில் இருந்த உயிர் போய்விடுகிறது. வரைகிறவர் தம் கைத்திறனைத்தான் நொந்துகொள்கிறார். கையில் குறையில்லை, ஒளி மெல்லிய படலங்களுக்குள் நடந்துகொள்ளும் விதம் அப்படி. அந்த விதத்தை அறிந்துகொண்டால் இந்தக் குறையைப் பெருமளவுக்குத் தடுக்கலாம். சில இடங்களில் அதையே பயன்படுத்திக்கொள்ளவும் செய்யலாம்.

இந்தக் கட்டுரை முழுவதும் ஒரே முகத்தை முன்வைத்துப் பேசுகிறது: கருத்த மேனி, நரைத்த கூந்தல், நெற்றியில் விபூதி, மூக்கில் தங்க மூக்குத்தி உடைய ஒரு மூதாட்டி, சன்னலோரம் அமர்ந்து எடுத்த புகைப்படம். அதைப் பார்த்துத்தான் வரைகிறோம், அதுவே நம் மூலப் படம். ஏர்பிரஷ் பயிற்சிக் குறிப்புகளில் பெரும்பாலானவை வெளிர்நிறத் தோலை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே வெள்ளைப் பலகையே பாதி வேலையைச் செய்துவிடுவதால் சிக்கல் அவ்வளவாகத் தலைகாட்டுவதில்லை. நம் வீட்டுப் பெரியவர்களின் முகங்களை வரையும்போது அந்தக் குறிப்புகள் போதாமல் போகின்றன. கருமேனிக்கு அடிப்படை விதி இதுதான்: வெளிச்சத்தைக் கடைசியில் மேலே ஏற்றக் கூடாது, அதை முதலிலேயே காப்பாற்றி வைத்துக்கொண்டு, சுற்றிலும் இருளை ஏற்ற வேண்டும்.

நீலம் எங்கிருந்து வருகிறது

வெள்ளை வண்ணத்தில் பெரும்பாலும் இருப்பது டைட்டானியம் டை ஆக்சைடு. அதன் துகள்கள் ஏறத்தாழ 0.2 முதல் 0.3 மைக்ரோமீட்டர் அளவு கொண்டவை; கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளத்தில் ஏறக்குறையப் பாதி. ரூட்டைல் வகையின் ஒளிவிலகல் எண் 2.7 அளவில் இருக்கும். அதைப் பிடித்து வைத்திருக்கும் அக்ரிலிக் பசையின் எண் 1.5 அளவில்தான் இருக்கும். இந்தப் பெரிய வேறுபாட்டால்தான் வெள்ளை ஒளியைச் சிதறடித்து, அடியில் இருப்பதை மறைக்கிறது. ஆனால் சிதறல் எல்லா நிறத்துக்கும் ஒரே அளவில் நடப்பதில்லை. 450 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளி கூடுதலாகச் சிதறித் திரும்புகிறது. 650 நானோமீட்டரை ஒட்டிய சிவப்பு ஒளி, படலம் மெல்லியதாக இருந்தால், அதை ஊடுருவிக் கீழே போய்விடுகிறது. கீழே இருப்பது வெள்ளைப் பலகை என்றால் அந்தச் சிவப்பு மேலே திரும்பி வந்து கணக்கைச் சரிசெய்துவிடும். கீழே இருப்பது கரும்பழுப்பு என்றால் சிவப்பு அங்கேயே உறிஞ்சப்பட்டுவிடும். நம் கண்ணுக்கு வந்து சேர்வது நீலம் மிகுந்த மிச்சம் மட்டுமே. விறகடுப்புப் புகை கரிபிடித்த சுவருக்கு முன்னால் நீலமாகவும், வெளுத்த வானத்துக்கு எதிரே மங்கிய பழுப்பாகவும் தெரிவது இதனால்தான்.

இதிலிருந்து வேலைக்கு உதவும் சில உண்மைகள் கிடைக்கின்றன. அடித்தளம் எவ்வளவு இருண்டிருக்கிறதோ, மேற்படலம் எவ்வளவு மெல்லியதாக இருக்கிறதோ, அவ்வளவுக்கு நீலம் மிகும். தூரிகையால் கெட்டியாக வைத்த வெள்ளைப் புள்ளி நீலமாகத் தெரிவதில்லை. அதே வெள்ளையை ஏர்பிரஷ்ஷில் தூவினால் நடுப்பகுதி வெள்ளையாகவும், மெல்ல மங்கும் ஓரங்கள் நீலமாகவும் தெரியும். மென்மையான ஓரம்தான் ஏர்பிரஷ்ஷின் சிறப்பு என்பதால், இந்தக் கருவியோடு நீலமும் சேர்ந்தே வருகிறது. தனி வெள்ளைக்கு மட்டும் இது பொருந்துவதில்லை. வெள்ளை கலந்த எந்த வண்ணமும், 'தோல் நிறம்' என்று விற்கப்படும் ஆயத்தக் கலவைகளும் இருட்டின் மேல் இப்படித்தான் மாறும். ஒளிபுகா மஞ்சளைக் கருப்பின் மேல் மெல்லத் தூவினால் பச்சை தட்டுவதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த விளைவே.

ஒளிபுகும் வண்ணங்களின் பிறழ்வு வேறு வகை. அங்கே சிதறல் மிகக் குறைவு. ஒவ்வொரு அடுக்கும் தனக்கு முந்தைய அடுக்கிலிருந்து வரும் ஒளியை வடிகட்டுகிறது. ஓர் எடுத்துக்காட்டுக்கு, ஒரு பழுப்பு அடுக்கு சிவப்பொளியில் 80 விழுக்காட்டையும் பச்சையில் 60 விழுக்காட்டையும் நீலத்தில் 40 விழுக்காட்டையும் திருப்பித் தருவதாக வைத்துக்கொள்வோம். அதே வண்ணத்தை மூன்று அடுக்கு தூவினால் சிவப்பு 51 விழுக்காடு, பச்சை ஏறத்தாழ 22, நீலம் 6 என்றாகிவிடும். முதல் அடுக்கில் நீலத்தைப் போல இரு மடங்காக இருந்த சிவப்பு, மூன்றாம் அடுக்கில் எட்டு மடங்காகிவிடுகிறது. முகம் கருக்கவில்லை, செங்கல் நிறமாகத் தகதகக்கிறது. கருத்த தோலை ஒரே பழுப்பை அடுக்கி அடைய முடியாது என்பதற்குக் காரணம் இந்தப் பெருக்கல்தான். இரண்டு பழுப்பு அடுக்குகளுக்கு இடையே நீலமோ ஊதாவோ கலந்த மெல்லிய அடுக்கு ஒன்றைச் செலுத்தினால்தான் நிறம் செம்மையில் ஓடாமல் ஆழம் பெறும்.

கருப்பு வண்ணத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கார்பன் கருப்பைக் கெட்டியாகப் பூசினால் நடுநிலையான கருப்பாக இருக்கும். மிகவும் நீர்த்து, மஞ்சள் சாயல் உள்ள தோலின் மேல் தூவினால் ஆலிவ் பச்சை எட்டிப் பார்க்கும். வெள்ளைப் பலகையின் மேல் பல வகைக் கருப்புகள் குளிர்ந்த சாம்பலாக விழும். உருவப்படத்தில் நிழலுக்குக் கருப்பே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பும் அல்ட்ராமரைன் என்ற நீலமும் கலந்த கலவை கூந்தலுக்கும் கண்மணிக்கும் போதிய இருளைத் தரும். எந்தப் பக்கம் சாய வேண்டுமோ அந்தப் பக்கம் சாய்த்துக்கொள்ளவும் அது இடம் கொடுக்கும்.

வண்ணமும் கருவியும்

புட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் நிறமிக் குறியீட்டைப் படிக்கப் பழகிக்கொள்வது நல்லது. பிடபிள்யூ 6 என்று இருந்தால் அதில் டைட்டானியம் வெள்ளை இருக்கிறது. பெயர் எதுவாயினும் அந்த வண்ணம் இருட்டின் மேல் நீலம் பாரிக்கும். பிஒய் 42 மஞ்சள் இரும்பு ஆக்சைடு, பிஆர் 101 சிவப்பு இரும்பு ஆக்சைடு, பிவி 19 குயினாக்ரிடோன் என்ற ஊதாச் சிவப்பு, பிபி 29 அல்ட்ராமரைன். இரும்பு ஆக்சைடுகளில் ஒளிபுகும் வகை, ஒளிபுகா வகை என்று இரண்டும் உண்டு; நமக்கு வேண்டியது ஒளிபுகும் வகை. இவற்றோடு பர்ன்ட் அம்பரும் ஒரு வெள்ளையும் இருந்தால் மூதாட்டியின் முகத்தை முழுமையாக வரைந்துவிடலாம். காட்மியம், கோபால்ட் நிறமிகள் உள்ள வண்ணங்களை ஏர்பிரஷ்ஷில் ஒருபோதும் தூவக் கூடாது. நுண்துளிகளாக மூச்சில் புகும்போது அவை நஞ்சு. நீர் சார்ந்த வண்ணமாக இருந்தாலும் என்95 தரத்தில் ஒரு முகக்கவசமும், காற்றை வெளியே இழுக்கும் மின்விசிறியும் கட்டாயம் தேவை.

உருவப்பட வேலைக்கென்று தயாரிக்கப்படும் அக்ரிலிக் வரிசைகளில் சில, காய்ந்த பிறகும் அழிப்பானால் தேய்த்தெடுக்கவும் கத்தி முனையால் சுரண்டவும் இடம் கொடுப்பவை. கிரியேடெக்ஸ் நிறுவனத்தின் இல்லஸ்ட்ரேஷன் வரிசை அப்படிப்பட்டது. கீழே சொல்லப்படும் முறை இந்தப் பண்பையே நம்பியிருக்கிறது. துணிக்கும் வாகனத்துக்கும் ஆன வண்ணங்கள் பிடித்த பிடியை விடாதவை. அவற்றை வைத்து இந்த முறையைப் பின்பற்ற முடியாது.

கருவி இரட்டைச் செயல் வகையாக இருக்க வேண்டும்: ட்ரிகரை அழுத்தினால் காற்று, பின்னுக்கு இழுத்தால் வண்ணம். கோப்பை மேலே அமைந்த, 0.2 அல்லது 0.3 மில்லிமீட்டர் நாசில் உடைய ஏர்பிரஷ் போதும். பொது வேலைக்கு 15 முதல் 20 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தம். வண்ணத்தை நன்றாக நீர்த்துக்கொண்டு இமை மயிரும் தோல் துளையும் வரையும்போது 8 முதல் 12 வரை இறக்கிக்கொள்ளலாம். காற்றைத் தரும் கம்ப்ரஸரில் நீரைப் பிரித்தெடுக்கும் ஈரப்பொறி இல்லாவிட்டால், நம் கடலோர ஊர்களின் புழுக்கத்தில் குழாயில் நீர் கோத்து, முடிந்துபோன கன்னத்தின் மேல் ஒரு துளியாகத் தெறிக்கும். கோடையில் ஊசி முனையில் வண்ணம் உலர்ந்து அடைப்பதும் வழக்கம். வண்ணத்தை நீர்க்கச் செய்யும் அந்தந்த நிறுவனத்தின் ரிடியூசர் திரவத்தைக் கொஞ்சம் கூட்டி, அடிக்கடி முனையைத் துடைத்துக்கொண்டால் சமாளிக்கலாம். வெறும் நீரை மட்டும் அளவுக்கு மீறிச் சேர்த்தால் பசை பலமிழந்து, அடுத்த அடுக்கின் ஈரத்தில் முந்தைய அடுக்கு கலைந்துவிடும்.

பலகை வழவழப்பான, தூய வெள்ளை இல்லஸ்ட்ரேஷன் பலகையாகவோ, ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சைப் பூசி நன்றாகத் தேய்த்த தட்டியாகவோ இருக்கட்டும். படத்தில் வரப்போகும் வெளிச்சம் முழுவதும் அந்த வெள்ளையிலிருந்துதான் வரவேண்டும் என்பதால் இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

பட்டை தயாரித்தல்

முகத்தைத் தொடும் முன் செய்ய வேண்டிய ஒரு பயிற்சி உண்டு: வண்ணங்களைத் தூவிப் பார்க்க ஒரு சோதனைப் பட்டை தயாரிப்பது. இதைத் தவிர்த்துவிட்டு நேரே முகத்துக்குப் போகிறவர்கள், பட்டையில் கற்க வேண்டியதை மூதாட்டியின் நெற்றியில் கற்க நேரும்.

படத்துக்கு எடுத்துக்கொண்ட அதே பலகையில் ஒரு நீளத் துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். அதை நீளவாக்கில் இரண்டாகப் பிரித்து, மேல் பாதியை வெள்ளையாக விட்டு, கீழ்ப் பாதியில் முகத்தின் நிழல் நிறமான கரும்பழுப்பை ஏற்றி நன்றாக உலர விடுங்கள். இப்போது நான்கு சிறு கிண்ணங்களில் பத்துப் பத்துச் சொட்டு வெள்ளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கிண்ணத்தை அப்படியே விட்டுவிட்டு, இரண்டாவதில் ஒரு சொட்டும் மூன்றாவதில் இரண்டும் நான்காவதில் மூன்றும் ஆக, ஒளிபுகும் மஞ்சள் ஆக்சைடில் சிறிது சிவப்பு ஆக்சைடு சேர்த்த செம்மஞ்சள் கலவையை இடுங்கள். ஒவ்வொன்றையும் பட்டையின் குறுக்கே, வெள்ளைப் பாதியிலும் கரும்பழுப்புப் பாதியிலும் விழும்படி, ஒரே தூரத்திலிருந்து மூன்று மெல்லிய வீச்சாகத் தூவுங்கள். முடி உலர்த்தியால் காய வைத்த பிறகே பார்க்க வேண்டும். அக்ரிலிக் பசை ஈரத்தில் பால் போல வெளுத்திருக்கும், உலர்ந்ததும் தெளிந்துவிடும்; ஆகவே ஈரத்தில் எடுக்கும் முடிவு எதுவும் நிலைக்காது.

முதல் குறுக்குப் பட்டை வெள்ளைப் பாதியில் கண்ணுக்கே தெரியாது. கரும்பழுப்பின் மேல் புறாக்கழுத்துச் சாம்பலாக நிற்கும். இரண்டாவதில் அந்த நீலம் குறையும். மூன்றாவது, வெள்ளைப் பாதியில் பாலாடை மஞ்சளாகத் தெரிந்தாலும், கரும்பழுப்பின் மேல் ஏறத்தாழ நடுநிலையான வெளிச்சமாக அமரக்கூடும். நான்காவதில் வெப்பம் மிகுந்துவிடலாம். உங்கள் வண்ணத்துக்கும் உங்கள் கரும்பழுப்புக்கும் எந்த எண்ணிக்கை பொருந்துகிறது என்பதைப் பட்டையே சொல்லிவிடும்; இந்தச் சொட்டுக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். சாம்பல் நிற அட்டை ஒன்றில் சிறு துளை போட்டு, அதன் வழியே பட்டையையும் மூலப் படத்தையும் மாறி மாறிப் பார்த்தால், சுற்றியுள்ள நிறங்கள் கண்ணை ஏமாற்றாது.

திருத்துவதற்கு மஞ்சளை மட்டும் எடுத்தால் நீலத்தோடு சேர்ந்து பச்சையாகும், சிவப்பை மட்டும் எடுத்தால் ஊதாவாகும் என்பதைக் கவனிக்க வேண்டும். நீலத்துக்கு எதிர் நிறம் செம்மஞ்சள். கலவையிலேயே முன்கூட்டிச் சேர்ப்பதானாலும் சரி, நீலம் பாரித்துவிட்ட இடத்தின் மேல் பிறகு மெல்லிய ஒளிபுகும் அடுக்காகத் தூவுவதானாலும் சரி, அந்தச் செம்மஞ்சள்தான் மருந்து. முன்கூட்டிச் சேர்ப்பதே மேலானது. பிறகு தூவும் திருத்தம், நீலத்தை நீக்கும்போது கொஞ்சம் வெளிச்சத்தையும் சேர்த்தே விழுங்கிவிடுகிறது.

முகம்

கோட்டுருவைப் பென்சிலால் அழுத்தி வரையாதீர்கள். ஒளிபுகும் அடுக்குகளுக்கு அடியில் கிராஃபைட் சாம்பல் கோடாக நிலைத்துவிடும். செபியா நிற வாட்டர்கலர் பென்சிலால் மெல்லக் குறித்துக்கொண்டால், அந்தக் கோடு பிறகு தோலோடு கரைந்துவிடும்.

முதல் கட்டம் முழுவதும் ஒரே நிறத்தில் நடக்கிறது. பர்ன்ட் அம்பரில் சிறிது குயினாக்ரிடோனும் அல்ட்ராமரைனும் சேர்த்து, ஊதாச் சாயல் கொண்ட பழுப்பாக்கி, ஒரு பங்கு வண்ணத்துக்கு ஐந்தாறு பங்கு ரிடியூசர் என்ற அளவில் நீர்த்துக்கொள்ளுங்கள். மூக்குத் துளை, உதடுகள் சேரும் கோடு, இமை விளிம்பு, கண்மணி என்று இருண்ட இடங்களில் தொடங்கி, அங்கிருந்து நிழல்களை விரியுங்கள். இந்த நிலையில் கருமேனிக்குரிய இருளை எட்ட முயலக் கூடாது. முடிவான நிறத்தில் பாதி இருளுக்கு வந்தால் போதும், மீதியை வண்ண அடுக்குகள் கொண்டுவரும்.

தோலைச் சீராகத் தூவுவதுதான் படத்தைப் பொம்மையாக்குகிறது. எழுபது வயதுத் தோலில் ஒரு விரற்கடை இடம்கூடச் சீராக இருப்பதில்லை. நாசிலைப் பலகைக்கு ஓர் அங்குலத்துக்கும் குறைவான தூரத்தில் வைத்து, மணிக்கட்டைத் தளர்த்தி, ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் நெளிகோடுகளையும் புள்ளிகளையும் ஒழுங்கே இல்லாமல் இடுங்கள். கன்னத்தில் சுருக்கங்கள் ஒரு திசையில் ஓடும், நெற்றியில் வேறு திசையில் ஓடும். அந்த ஓட்டத்தை மட்டும் மீறாதீர்கள். பிறகு கூர்மையாக்கிய மை அழிப்பான் பென்சிலால், சுருக்கங்களுக்கு இடைப்பட்ட மேடுகளிலும் தோல் துளைகளின் ஓரங்களிலும் சிறு சிறு ஒளிகளைத் தேய்த்தெடுங்கள். இப்போது முகம் கரடுமுரடாக, மிகையான வேறுபாட்டோடு தெரியும், தெரிய வேண்டும். அதன் மேல் வரும் ஒவ்வொரு ஒளிபுகும் அடுக்கும் தேய்த்தெடுத்த வெண்மையைச் சற்றே நிரப்பி, அந்த வேறுபாட்டை அடக்கிக்கொண்டே போகும். தூவுதல், தேய்த்தெடுத்தல், மறுபடி தூவுதல் என்று இந்தச் சுற்று பல முறை நடக்கும்போது, வெளிச்சத்தில் இருக்கும் நிறம் முழுவதும் பலகையின் வெண்மை வண்ணத்தை ஊடுருவித் திரும்பி வருவதால் உண்டாகிறது. அது நீலம் பாரிக்காது. பாரிக்கக் காரணமே இல்லை.

வண்ண அடுக்குகளை மஞ்சளிலிருந்து தொடங்குங்கள். மஞ்சள் ஆக்சைடை முகம் முழுவதும், வெளிச்ச இடங்களையும் சேர்த்து, மிக மெல்லியதாகத் தூவுங்கள். அடுத்துச் சிவப்பு ஆக்சைடு. இது மெல்லியதாக இருக்கும்போது செம்மஞ்சளாகவும் ஏற ஏறச் செம்பழுப்பாகவும் மாறும் இயல்புடையது. காது மடலிலும் மூக்கின் பக்கங்களிலும் இது சற்றுக் கூடட்டும், அங்கே தோல் மெல்லியது. அதன் பிறகு அல்ட்ராமரைனும் குயினாக்ரிடோனும் கலந்த ஊதா அடுக்கு ஒன்று, நிழல் பக்கத்திலும் கண்ணுக்குக் கீழும் உதடுகளிலும். மீண்டும் பர்ன்ட் அம்பர். ஒவ்வொரு அடுக்கையும் பக்கத்தில் வைத்திருக்கும் பட்டையிலும் தூவி, உலர்த்தி, மூலப் படத்தோடு ஒப்பிட்ட பிறகே அடுத்த அடுக்குக்குப் போக வேண்டும். முகம் செம்மையில் ஓடுகிறதா, பச்சையில் சாய்கிறதா என்பதை மூன்றாவது அடுக்கிலேயே பிடித்துவிட்டால் ஒரு மெல்லிய எதிர்நிற அடுக்கு போதும். எட்டாவது அடுக்கில் பிடித்தால் பெரும்பாலும் அழித்துத்தான் ஆக வேண்டும்.

மூதாட்டியின் நெற்றியிலும் மூக்கு முதுகிலும் விழும் மினுக்கம் தோலின் நிறமன்று. தோலின் எண்ணெய்ப் படலத்தில் தெறிக்கும் ஒளிமூலத்தின் நிறம். சன்னல் வழியே வானம் ஒளி தந்தால் அந்த மினுக்கம் உண்மையிலேயே இளநீலமாக இருக்கும். மஞ்சள் விளக்கு என்றால் மஞ்சளாக இருக்கும். ஆகவே நீலத்தைக் கண்ட இடமெல்லாம் குற்றம் என்று துடைக்கக் கூடாது. மூலப் படத்தைத் துளை அட்டை வழியே பாருங்கள். மினுக்கத்தின் நடுவில் இருக்கும் நீலம் நியாயமானது. மினுக்கத்திலிருந்து தோலுக்கு இறங்கும் ஓரத்தில் உண்மையான தோல் வெப்பமான செம்பழுப்பாகத்தான் இறங்கும். ஏர்பிரஷ் வெள்ளை அந்த ஓரத்தைத்தான் நீலமாக்குகிறது. நடுவில் இருக்கும் நீலத்தை வைத்துக்கொண்டு ஓரத்து நீலத்தை நீக்கினால் நெற்றி பளபளக்கத் தொடங்கும்.

வெள்ளை தவிர்க்க முடியாத இடங்கள்

நரைமுடியை எல்லாம் முன்கூட்டியே காப்பாற்றி வைக்க முடியாது. காதோர நெற்றிப்பொட்டில் கருத்த தோலின் மேல் தனித்தனியாகப் பறக்கும் நரையிழைகளுக்குச் சிறந்த கருவி 11ஆம் எண் ஸ்கால்பெல் பிளேடு. பிளேடை ஏறத்தாழச் செங்குத்தாக நிறுத்தி, வெட்டாமல், முனையின் எடையால் மட்டும் வண்ணத்தைச் சுரண்டி எடுங்கள். அழுத்திவிட்டால் பலகையின் நார் எழும்பி, அடுத்துத் தூவும் அடுக்கை அதிகமாகக் குடித்துக் கறுத்துவிடும். சுரண்டிய இழைகளின் மேல் நீர்த்த அம்பரை ஒரே ஒரு வீச்சு கொடுத்தால், சில இழைகள் முன்னும் சில பின்னுமாகப் பிரியும். ஏர்பிரஷ்ஷால் வெள்ளை இழை இழுப்பதை விட இது பல மடங்கு உண்மையாகத் தோன்றும், நீலத்துக்கும் இடமில்லை.

விபூதி இதற்கு நேர்மாறானது. கருத்த நெற்றியில் மெல்லப் படிந்த நீறு, இயற்கையிலேயே நுண்ணிய வெண்துகள்களின் மெல்லிய படலம். ஆகவே அது உண்மையிலும் ஓரங்களில் நீலச் சாம்பலாகத்தான் தெரிகிறது. இங்கே பட்டையின் முதல் கிண்ணத்து வெள்ளையை, எதுவும் சேர்க்காமல், அப்படியே பயன்படுத்தலாம். நெற்றியின் எல்லா அடுக்குகளும் முடிந்த பிறகு, மூன்று விரல் இழுத்த தடத்தின் அகலத்தில் காகித மாஸ்க் வெட்டி, பலகையில் ஒட்டாமல் சற்றே தூக்கிப் பிடித்து, ஓரங்கள் கலையும்படி தூவுங்கள். விரல் முதலில் அழுந்திய பக்கத்தில் மட்டும் கூடுதலாக இரண்டு வீச்சு தூவினால், அங்கே படலம் தடித்து வெள்ளையாகும். இழுத்து முடித்த பக்கம் மெலிந்து நீலமாகும். சுருக்கங்களின் பள்ளத்தில் நீறு தங்கியிருக்கும். மேடுகளில் அழிப்பான் முனையால் லேசாகத் தொட்டு எடுத்துவிடுங்கள்.

முதுமையில் பலருக்குக் கருவிழியின் விளிம்பைச் சுற்றி நீலச் சாம்பல் வளையம் ஒன்று தோன்றுவதும் இப்படியே. அதற்கென்று நீலம் கலக்க வேண்டியதில்லை. கருவிழியைக் கரும்பழுப்பில் முடித்த பிறகு, அதன் விளிம்பில் மிக நீர்த்த வெள்ளையை 8 பிஎஸ்ஐ அழுத்தத்தில் ஒரு வளையமாக இழுத்தால் நீலம் தானாக வந்துவிடும். கண்ணில் விழும் ஒளிப்புள்ளியை மட்டும் தூவாதீர்கள். மென்மையான ஓரம் அதைக் கண்புரையாகக் காட்டும். சுரண்டி எடுக்க வேண்டும், அல்லது நுண்தூரிகையால் கெட்டி வெள்ளையாக வைக்க வேண்டும். மூக்குத்தியின் பளிச்சொளிக்கும் இதே முறைதான்.

வெள்ளை தூவும்போதெல்லாம், கண்ணுக்குத் தெரியாத தூசியாக அது பக்கத்துக்குப் பறந்து படியும் என்பதை நினைவில் வையுங்கள். விபூதி தூவும்போது கூந்தலை மூடாமல் விட்டால், கூந்தலின் இருண்ட பகுதிகள் முழுவதும் ஒரு நீல மூட்டம் படர்ந்துவிடும். இருண்ட பகுதிகளை, ஒட்டி உரித்தெடுக்கும் ஃபிரிஸ்கெட் படலத்தாலோ காகிதத்தாலோ மூடுங்கள். அல்லது வேலையின் வரிசையை மாற்றி, வெள்ளை முடிந்த பிறகு கூந்தலின் கடைசி இருண்ட அடுக்கைத் தூவுங்கள். அந்த இருண்ட அடுக்கு படிந்த மூட்டத்தை விழுங்கிவிடும் என்பதால் இரண்டாவது வழியையே நான் பரிந்துரைப்பேன்.

ஒளியும் மேற்பூச்சும்

எந்த ஒளியில் வரைகிறோமோ அந்த ஒளிக்கேற்பத்தான் திருத்துகிறோம். மலிவான எல்இடி விளக்கின் கீழ் சரியாகத் தெரிந்த பழுப்பு, பகலொளியில் பச்சையாகத் தெரியலாம். 5000 கெல்வின் அளவில், நிறங்களை உள்ளபடி காட்டும் திறனைக் குறிக்கும் நிறக்காட்டு எண் 90க்கு மேல் உள்ள விளக்கைப் பயன்படுத்துங்கள். மூலப் படத்தின் அச்சுப் பிரதியும் அதே விளக்கின் கீழ் இருக்கட்டும். கைபேசியில் படமெடுத்துச் சரிபார்க்கும் பழக்கம் இருந்தால், ஓவியத்தின் ஓரத்தில் ஒரு சாம்பல் அட்டையை வைத்து எடுங்கள். கைபேசி தானாகவே வெண்மைச் சமநிலையை மாற்றிக்கொள்வதால், நீங்கள் திருத்தாத ஒன்றை அது திருத்திக் காட்டிவிடும்.

கடைசியாகப் பூசும் வார்னிஷும் நிறத்தை மாற்றும். மினுமினுக்கும் வார்னிஷ் இருளை ஆழப்படுத்தி, அடுக்குகளுக்குள் மறைந்திருந்த வெப்பத்தை வெளிக்கொணரும். பளபளப்பில்லாத மேட் வார்னிஷில் ஒளியைச் சிதறடிப்பதற்கென்றே நுண்துகள்கள் கலந்திருப்பதால், கருத்த கன்னத்தின் மேல் அது ஒரு வெளிர் மூட்டத்தை மீண்டும் கொண்டுவந்துவிடும். இவ்வளவு நேரம் தவிர்த்துக்கொண்டு வந்த சிதறலை நாமே மேலே பூசுவதாகிவிடும். கருமேனி உருவப்படத்துக்கு மினுமினுக்கும் வார்னிஷோ, இடைப்பட்ட மினுக்கம் கொண்ட சாட்டின் வகையோதான் ஏற்றது. இரண்டில் எதுவானாலும், அடுக்கடுக்காகத் தூவி வைத்த பட்டையின் மேல் முதலில் பூசி, ஒரு நாள் உலரவிட்டுப் பாருங்கள். நிழல்கள் எதிர்பார்த்ததை விட ஆழ்ந்துவிட்டால், படத்தில் சில மேடுகளை அழிப்பானால் சற்றே திறந்துவிட்ட பிறகு பூசலாம். வார்னிஷ் ஏறிய பின் அழிப்பானுக்கு வேலையில்லை.